கடைசிப் பாட்டுக்குப் பிறகு நிறுத்தாதே

என் மேல் கோபமாக இருக்கும் என் பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் ஒழுங்காகப் பேச மாட்டேன். ஆயுசு முழுக்க ஏசி மெஷினோடு பழகியவனுக்கு மனுஷனோடு பேசத் தெரியாது என்று உன் அம்மா சொல்வாள், அது உண்மைதான். எழுதும்போது ஒரு சௌகரியம், கத்த முடியாது. இன்னும் ஒன்பது நாளில் நீ கனடாவுக்கு விமானம் ஏறுகிறாய். அந்த ஒன்பது நாளையும் வண்டலூரில் உன் சிநேகிதன் வீட்டிலேயே கழித்துவிட்டு அப்படியே கிளம்பிப் போய்விடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஊருக்குப் போகும் முன்னால் பரண்மேல் இருக்கும் குப்பையை எல்லாம் ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நல்ல மனதோடுதான் ஏறினாய். பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு கேசட்டை எடுத்து, "பழைய பாட்டுப்பா, எல்லாம் போன்லயே இருக்கு," என்று சொல்லிக் குப்பைப் பையில் போட்டாய். உலகத்தில் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்திருப்பான். நான் பாய்ந்து வந்து உன் கையைப் பிடித்து முறுக்கினேன். உன் சிநேகிதன் பார்த்துக்கொண்டிருக்க, வளர்ந்த பிள்ளை என்றும் பாராமல் கை ஓங்கினேன். "என் வூட்ட வுட்டுப் போடா" என்று சொன்னேன். கோபம் தலைக்கேறினால் எனக்கு அஸ்தினாபுரத்துப் பேச்சு தானாக வந்துவிடும். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். நீ போன பிறகு குப்பைப் பையைக் கவிழ்த்து அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து பார்த்து, ஒரு பாட்டு கேசட்டுக்காகவா பெற்ற பிள்ளையை விரட்டினாய் என்று கேட்டாள். அவளுக்கும் தெரியாது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடமும் சொன்னதில்லை.

நான் குவைத்துக்குப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. உன் தாத்தா அஸ்தினாபுரத்தில் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்துக்கொண்டார். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. வீட்டில் என் அம்மா, எனக்கு மூத்தவளான உன் அத்தை, அவ்வளவுதான். நான் ஒரே பையன். அம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று முன்பே தெரியும். நான் கிளம்பும்போது, "நீ திரும்பி வர்ற வரிக்கும் நான் எங்கியும் போவ மாட்டேன் போ," என்று கேலி செய்துதான் அனுப்பினாள். அதை நம்பி நானும் போனேன்.

இரண்டாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. உன் அத்தையின் கையெழுத்து, கீழே தாத்தாவின் ஒப்பம். அம்மா தவறிவிட்டாள், பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது, சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று சொல்லவில்லை, மனதைத் தேற்றிக்கொள். இவ்வளவுதான் கடிதம். அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்வார்கள். பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம் இருக்கும், ஒப்பந்தம் முடியாமல் வந்தால் திரும்பப் போக முடியாது, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தும்விடும். அதனால் வீட்டில் சாவு விழுந்தால் மறைத்துவிட்டு, காரியம் முடிந்த பிறகு எழுதுவார்கள். என் அறையில் இருந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. அவர்களுக்கு நடந்தபோது, "பெரியவங்க யோசிச்சுதான் செஞ்சிருப்பாங்க" என்று தேறுதல் சொன்னவன் நான். எனக்கு நடந்தபோது அந்த நியாயம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரே பிள்ளை நான் இருக்கும்போது அவர் எப்படிக் கொள்ளி வைக்கலாம் என்பதிலேயே மனசு நின்றுவிட்டது. நாலு வரியில் பதில் எழுதினேன். இனி எனக்கு அப்பா கிடையாது என்பது அதில் கடைசி வரி. எழுதிவிட்டு ஒரு முறை படித்தும் பார்த்தேன், தம்பி. படித்துப் பார்த்துத்தான் தபாலில் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து காதர் ஊருக்குப் போய்விட்டு வந்தான். உனக்குத் தெரியும், பல்லாவரத்து காதர் மாமா. அவனும் நானும் ஒரே அறை. எங்கள் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்திருந்தான். நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு கேசட்டைக் கொடுத்தான். மேலே உன் அத்தையின் கையெழுத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. "உங்கப்பா குட்த்தாரு. கண்டிப்பா கேக்க சொன்னாரு," என்றான். அப்போது ஊரிலிருந்து அப்படித்தான் பேசி அனுப்புவார்கள், எழுத வராதவர்களுக்குக் கேசட்டுதான் கடிதம். நானே முதல் வருஷம் ஒருவர் மூலமாக வீட்டுக்கு ஒரு ரேடியோ டேப்ரிகார்டர் அனுப்பியிருந்தேன். செய்ததை நியாயப்படுத்தி அப்பா ஒரு மணி நேரம் பேசியிருப்பார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பெட்டியின் அடியில் போட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களையும் பிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து அறைக்காரன் ஒருவன் இரண்டு கேசட் போடும் பெரிய செட் வாங்கியிருந்தான். எல்லோரும் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தார்கள். காலி கேசட் இருக்கிறதா என்று காதர் கேட்டான். நான் பெட்டியைத் திறந்து அதை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மச்சான், இது உங்கப்பா குட்த்ததாச்சே. கேட்டுட்டியா?" என்றான். கேட்டாச்சு, ஒன்றும் இல்லை என்றேன். அதுதான் முதல் பொய். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிய முடியாது. மாட்டுத்தீவனம் விற்கிற மனுஷருக்கு அது எப்படித் தெரியும்? உடைக்காமலே அனுப்பியிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் சினிமாப் பாட்டு ஏறியது. எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன், குஷியாக இருந்தது. அப்பாவின் வாயை அடைத்துவிட்டேன் என்ற குஷி.

அப்புறம் ஆறு வருஷம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. லீவு வரும்போதெல்லாம் லீவுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தேன். கடைசியில் நானாக வரவில்லை, ஈராக் படை உள்ளே புகுந்து சண்டை வந்து துரத்தியது. குவைத்திலிருந்து பஸ்ஸிலும் நடையிலும் ஜோர்டான் போய், பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, பம்பாய்க்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் வந்தோம். காதரும் நானும்தான். என்னிடம் ஒரு ரெக்ஸின் பை, அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஏழெட்டு பாட்டு கேசட். எதை விட்டுவிட்டு எதை எடுத்து வந்தேன் பார். நேராக வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் மூன்று நாள் பல்லாவரத்தில் காதர் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் அவனே பையைத் தூக்கி வாசலில் வைத்தான். "போய் மூஞ்சியக் காட்டு மச்சான். அடிச்சா வாங்கிக்க. எங்க அத்தா கையால அடி வாங்க எனக்குக் குடுத்து வெக்கல," என்றான்.

குரோம்பேட்டையில் இறங்கி அஸ்தினாபுரம் வரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, நியாயம் கேட்க. கொள்ளி வைக்கிற உரிமை யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. கடைக்குப் போனபோது அவர் யாருக்கோ புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். தராசில் இருந்ததை நிறுத்துக் கொட்டி முடித்தார். பிறகு, "அந்த மூட்டைய ஒரு கை புடி," என்றார். பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பிடித்தேன். இரண்டு பேருமாக மூட்டையை வந்தவரின் சைக்கிளில் ஏற்றிக் கட்டினோம். அவர் போனதும் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவர்தான் கேட்டார்.

"அம்மா கேசட்ட கேட்டியா?"

அம்மா கேசட். தம்பி, எனக்கு அந்த நொடியில்தான் தெரியும் அதில் இருந்தது அவர் இல்லை, என் அம்மா என்று. கேட்கவே இல்லை, அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டேன் என்றேன். இன்னா கேட்டுச்சு அதுல என்று கேட்டார். "நல்லா பேசினாங்கப்பா. உடம்பப் பாத்துக்க, நேரத்துக்கு சாப்புடுன்னாங்க," என்றேன். அவர் என்னையே பார்த்தார். தூசி விழுந்தது போலக் கண்ணை ஒரு கசக்குக் கசக்கினார். பிறகு, அதைக் கொண்டுவந்திருந்தால் ஒரு தரம் போட்டுக் கேட்கலாமே என்றார். சண்டையில் போய்விட்டது என்றேன். "போவுது வுடு. நீ வந்துட்ட இல்ல," என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கேசட் என் காலடியில் பைக்குள் இருந்தது.

மறுநாளே காதர் வீட்டுக்குப் போய் அதைப் போட்டுப் பார்த்தேன். எங்காவது ஒரு வார்த்தை மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசை. ஒரு பக்கம் முழுக்கப் பாட்டு. மறுபக்கத்திலும் பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு வெறும் இரைச்சல். அரை நிமிஷம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, துண்டில் சுற்றி ஒளித்து வைத்தேன். அன்றைக்குத்தான் அந்த இரண்டு பல்லையும் உடைத்தேன். எல்லாம் போன பிறகு.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு எட்டு வருஷம் ஓடியது. தாத்தா அதை ஒரு நாளோடு விடவில்லை. கடைக்கு ஆள் வராத சாயங்கால வேளைகளில் திடீரென்று, அம்மா வேறு என்ன சொன்னாள் என்பார். நான் ஏதாவது சொல்வேன். மெலிந்துபோகாதே என்றாள், அக்காவோடு சண்டை போடாதே என்றாள், இப்படி. நாளாக ஆக எனக்கே அது கைவந்துவிட்டது. அம்மா எப்படி இழுத்து இழுத்துப் பேசுவாளோ அப்படியே பேசிக் காட்டுவேன். ஒரு நாள் துணிந்து, மூக்குப்பொடியை விடச் சொன்னாள் என்றேன். சிரித்தார். மறுநாளிலிருந்து பொடி மட்டையைத் தொடவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். கல்யாணப் பேச்சு வந்தபோது அவரே, உங்கம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று எடுத்துக் கொடுத்தார். சொன்னாள் என்றேன், உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்தாள். நீ பிறந்தபோதும் கேட்டார். என் வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். பாட்டி ஆசைப்பட்டு வைத்த பெயர் என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தோம், பள்ளிக்கூடத்தில் அதை ஒரு கட்டுரையில்கூட எழுதினாய். அது பாட்டி வைத்த பெயர் இல்லை, தம்பி. நான் புளுகிய பெயர்.

தாத்தா போனபோது உனக்கு ஆறு வயது. தீச்சட்டிக்குப் பின்னால் காதர் மாமா தோளில் நீ உட்கார்ந்து வந்தாய். கொள்ளி வைத்துத் திரும்பும்போது ஊரார், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும், கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொண்டான் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு உன் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அக்கா, அம்மா பேசின அந்தக் கேசட் இருக்கே என்று ஆரம்பித்தேன். பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பேசினா? அன்னிக்கு அம்மாக்குப் பேச்சே கெடையாதுடா," என்றாள்.

அம்மாவுக்குக் கடைசிப் பத்து நாள் பேச்சு நின்றுவிட்டதாம். அப்பா டேப்ரிகார்டரைத் தூக்கி வந்து அவள் தலைமாட்டில் வைத்து, பையன் கேட்கிறான், ஏதாவது பேசு என்றாராம். அவள் உதட்டை அசைத்தாளாம், சத்தம் வரவில்லை. பட்டனை அமுக்கியது உன் அத்தைதான். பேச்சு வரவில்லை, நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னதற்கு, "ஓடட்டும். அவ மூச்சாவது அவனுக்குப் போய் சேரட்டும்," என்றாராம். இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம், அவள் மூச்சு விடுவதை மட்டும் பதிந்திருக்கிறார். வர முடியாத பிள்ளைக்கு அம்மாவைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

அப்படியென்றால் புரிகிறதா? நல்லா பேசினாங்கப்பா என்று நான் கடையில் சொன்ன அந்த வினாடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷம் ஓடியது என்று சொன்னேனே, எட்டு நொடிகூட ஓடவில்லை. தெரிந்துதான் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, வேறு என்ன சொன்னாள், வேறு என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறார். உன் அத்தை அவரிடம் கேட்டும் இருக்கிறாள், அவன் கதை விடுகிறான், நீயும் கேட்டுக்கொண்டு இருக்கிறாயே என்று.

அதற்கு அவர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "ஆறு வருசமா வாயத் தொறக்காத புள்ள, இப்ப அவ வாயால பேசிகினு கீறான். பேசட்டும் வுடு."

பொடியை விட்டதும் தெரிந்துதானா என்று கேட்டேன். ஆமாம் என்பது போலத் தலையசைத்துவிட்டு அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பனாகிவிட்டேன், இரண்டு வார்த்தை சொல்கிறேன். என் மேல் கோபம் வந்தால் திட்டி எழுது. நாலு வரி இல்லை, நாற்பது பக்கம் எழுது. ஆனால் எதையும் பிரிக்காமல் பெட்டியின் அடியில் போடாதே, அதில் என்ன இருக்கும் என்று நீயாக முடிவு கட்டாதே. நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கோ உன் அம்மாவுக்கோ முடியாமல் போனால் அன்றைக்கே உனக்குச் சொல்லிவிடுவோம். நீ வருவதும் வராததும் உன் முடிவு. உன் நல்லதுக்கு என்று சொல்லி எதையும் மறைக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தப்பு. உன் கை வலிக்கிறதா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன்.

கிளம்பும் முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வா. பழைய டேப்ரிகார்டரைப் பழுது பார்த்து மேசைமேல் வைத்திருக்கிறேன். கேசட்டின் முதல் பக்கம் வேண்டாம், அது முழுக்க என் பாவம். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிகிற இடம் வரைக்கும் ஓட்டி வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும் இரைச்சல் வரும். நான் அரை நிமிஷத்தில் நிறுத்திய இரைச்சல். உன் அத்தை சொன்ன பிறகு திரும்பப் போட்டு, காதை வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் அது ஏறி இறங்குவது தெரியும். நடுவில் ஒரு தரம் தூரத்தில் தாம்பரம் போகிற மின்சார ரயிலின் ஹாரன் கேட்கும். மூன்று நிமிஷம். பாட்டுக்காரர்கள் போனால் போகிறது என்று எனக்கு மிச்சம் வைத்தது அவ்வளவுதான். அந்தக் கேசட்டைத்தான் நீ குப்பைப் பையில் போட்டாய்.

பாட்டு முடிந்ததும் நிறுத்தாதே. நாம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து கேட்போம். பாட்டி என்ன சொல்கிறாள் என்று நீ கேட்டால், இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்பா